லாக் புஸ்தகம்

தஞ்சாவூர்க்காரனுக்கு விமானம் என்கிற சொல் முதலில் கல்லைத்தான் குறிக்கிறது. பெரிய கோயிலின் கருவறைக்கு மேல் 216 அடி உயரத்துக்கு நிற்கிறதே, அது விமானம். ஆயிரம் வருஷமாக இடம் பெயராமல் இருப்பது அதன் பெருமை. பறப்பதை நாங்கள் ஏரோப்ளேன் என்றோம், இப்போது ப்ளேன். 2013-ல் ஊருக்குத் தெற்கே விமானப்படைத் தளம் வந்து, 2020 ஜனவரியில் ஸுகோய்-30 விமானங்கள் கொண்ட 222-ஆவது ஸ்குவாட்ரன் அங்கே குடியேறியபின், எங்கள் கிளையில் நோட்டு எண்ணும் மெஷினின் இரைச்சலையும் மீறி அவ்வப்போது வானம் கிழிபடுகிற சத்தம் கேட்கிறது. யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. 'போறான்' என்கிறார் ஹெட் கேஷியர், வவுச்சரிலிருந்து தலை தூக்காமலே. தாலுகா ஆபீஸ் ஜீப் தெருவைக் கடந்து போவதற்கும் அதே சொல்தான் அவரிடம்.

பிறர் ஓட்டுகிற விமானம் இப்படித்தான் நம்மைக் கடந்துபோகும். விலை கேட்கிற விமானம் வேறு ஜாதி. போன சித்திரையில் என் அக்கா மகன் ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். 'மாமா, இதக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. எதப் படிச்சாலும் குத்தம் கண்டுபிடிப்பீங்களே, இதுல கண்டுபிடிங்க.' விமர்சகனுக்கு என் குடும்பத்தில் கிடைத்திருக்கும் அந்தஸ்து இவ்வளவுதான். உறைக்குள் முந்நூறு பக்கத்துக்கு ஜெராக்ஸ். 1979-ல் செய்யப்பட்ட ஒரு ஸெஸ்னா 152-இன் லாக் புஸ்தகங்கள்.

அவனுக்கு வயது இருபத்திரண்டு. வெளிமாநிலத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. பறந்தது 68 மணி நேரம். வர்த்தக விமானியின் லைசென்ஸுக்கு 200 மணி வேண்டும். பள்ளியில் ஒரு விமானத்துக்கு உதிரிபாகம் வரவில்லை, இன்னொன்றுக்கு ஆசிரியர் வேலையை விட்டுப் போய்விட்டார், மீதியிருப்பதற்கு வரிசை. ரேஷன் கடை வரிசைக்காவது சர்க்கரை வந்துவிட்டது என்று ஒரு குரல் கேட்கும். ஆகவே அவனும் கூடப் படிக்கிற இருவரும் ஒரு திட்டம் போட்டார்கள். மூடப்பட்டுவிட்ட ஒரு பறக்கும் கிளப்பின் பழைய விமானத்தை மூவரும் சேர்ந்து வாங்குவது, பள்ளி வழியாகவே அதைப் பறக்கவிட்டு அதில் தங்கள் மணிகளைச் சேர்ப்பது, லைசென்ஸ் வந்ததும் விற்றுவிடுவது. இருபத்தாறு லட்சம் கேட்டார்கள். இவன் பங்குக்கு அக்காவின் பெயரில் இருக்கும் பன்னிரண்டு மா நஞ்சை. கோர்ட்டு பாஷையில் நாலு ஏக்கர். பத்திரத்தை பாங்கில் வைத்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் அவனுடைய அசல் கேள்வி. புஸ்தகங்களைப் படிக்கச் சொன்னது எனக்குக் காட்டிய மரியாதை.

பழைய விமானம் வாங்கிப் பறக்கப் பழகுவது பைத்தியக்காரத்தனம் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட எனக்கு வாய் வரவில்லை. காரணம் ஏமி ஜான்ஸன். லண்டனில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்த பி.ஏ. பட்டதாரி. 1929-ல் லைசென்ஸ் எடுத்தாள். மறு வருஷமே ஒருவர் ஓட்டி விற்ற ஜிப்ஸி மாத் விமானத்தை 600 பவுனுக்கு வாங்கினாள். பணம் கொடுத்தவர்கள் இரண்டு பேர்: ஹல் துறைமுகத்தில் மீன் வியாபாரம் செய்த அப்பா, காஸ்ட்ரால் எண்ணெய் வியாபாரி வேக்ஃபீல்ட் பிரபு. அப்பாவின் மீனுக்கு 'ஜேஸன்' என்று மார்க். விமானத்துக்கும் அதே பெயரை வைத்தாள். 1930 மே 5-ந் தேதி க்ராய்டனில் கிளம்பி 24-ந் தேதி ஆஸ்திரேலியாவில் டார்வினில் இறங்கினாள். வழியில் கராச்சி, ஜான்ஸி, அலகாபாத், கல்கத்தா. ரங்கூனுக்குப் பக்கத்தில் இன்ஸீனில் தவறான மைதானத்தில் இறங்கிப் பள்ளத்தில் சாய்ந்து இறக்கை கிழிந்தது. அந்த ஊரில் முதல் யுத்தத்தில் மிஞ்சிய விமானத்துணியை வாங்கி யாரோ சட்டைகளாகத் தைத்து வைத்திருந்தார்கள். அந்தச் சட்டைகளைப் பிரித்து இறக்கைக்கு ஒட்டுப் போட்டாள். விமானத்துணி சட்டையாகி மறுபடி விமானமான இந்த ஒரு சம்பவத்துக்காகவே நான் ஏமி ஜான்ஸனை மறக்கமாட்டேன்.

ஆனால் இந்தக் கதையை நம்மவர்கள் சொல்லும்போது ஒரு விஷயம் விட்டுப்போகும். கிளம்புவதற்கு முன், 1929 டிஸம்பரில், அவள் தரைப் பொறியாளர் லைசென்ஸும் எடுத்திருந்தாள். பிரிட்டனில் அதைப் பெற்ற முதல் பெண். ஹாங்கரில் எண்ணெய்க்கறையோடு என்ஜினைப் பிரித்து மாட்டியவள். அவள் வாங்கியது பழைய விமானம் என்றால், அதன் பழமை எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்று தன் விரல்களால் அறிந்தவள் வாங்கியது. இதைச் சொன்னதும் அக்கா மகன் கொஞ்சம் மௌனமாக இருந்துவிட்டு, 'அதுக்குத்தான் மாமா லாக் புக் இருக்கு' என்றான். சாமர்த்தியமான பதில்.

படித்தேன். பத்து இரவுகள். விமான உடலுக்கு ஒரு புஸ்தகம், என்ஜினுக்கு ஒன்று, ப்ரொப்பெல்லருக்கு ஒன்று. இந்த ஏற்பாட்டை முதலில் வியந்தேன். ஒரு விமானம் ஒரே பொருள் இல்லை. வெவ்வேறு வயதுள்ள மூன்று பொருள்களின் தற்காலிகக் கூட்டு. உடல் 1979-ஆம் வருஷத்தது. என்ஜின் இடையில் ஒருமுறை முழுக்கப் பிரித்துப் புதுப்பிக்கப்பட்டது, அன்றிலிருந்து அதற்கு வேறு வயது. 110 குதிரைசக்தி உள்ள இந்த லைகமிங் என்ஜினுக்கு, ரகத்தைப் பொறுத்து 2000 முதல் 2400 மணி நேரம் வரை ஆயுசு. ஓடினாலும் ஓடாவிட்டாலும் பன்னிரண்டு வருஷத்தில் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது செய்தவர்கள் சொல்கிற கணக்கு. ஓடாமல் கிடப்பது இரும்புக்கு ஓய்வு என்று நாம் நினைப்போம். அப்படி இல்லை. ஓடாத என்ஜினில் எண்ணெய் வழிந்து இறங்கிவிடும், உள்சுவர் ஈரக்காற்றில் துருவேறும். நம் டெல்டாவில் வருஷத்தில் ஒன்பது மாதம் பூட்டிக் கிடக்கும் வீடுகள் என்ன ஆகின்றன என்று பார்த்தவனுக்கு இது புரியும்.

1984-இலிருந்து ஒன்பது வருஷங்கள் ஒரே கையெழுத்து. யார் என்று தெரியாது. கையொப்பம் ஒரு கிறுக்கல், லைசென்ஸ் நம்பர் மட்டும் தெளிவு. சாய்வில்லாத சின்ன எழுத்து. இடது மாக்னெட்டோ கழற்றப்பட்டது, புள்ளிகள் தேய்ந்திருந்தன, மாற்றப்பட்டது. மூன்றாவது ஸிலிண்டரின் கீழ் ப்ளக்கில் எண்ணெய், துடைத்து மாட்டப்பட்டது, பத்து மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பத்து மணி நேரம் கழித்து உள்ள பக்கத்தைத் தேடிப் போனால், அதே கை: பார்க்கப்பட்டது, உலர்ந்திருந்தது. இப்படி ஒரு வாக்கியத்துக்குக் கொடுத்த வாக்கை இன்னொரு வாக்கியத்தில் காப்பாற்றுகிற உரைநடை நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். அவருக்கு ஆங்கில இலக்கணம் சுமார்தான். ஒருமை பன்மை தகராறு உண்டு. ஆனால் பெயரடை கிடையாது. ஒன்பது வருஷத்தில் ஒரு இடத்தில்கூட 'நல்ல' என்று எழுதவில்லை. என்ன பார்த்தார், என்ன செய்தார், எத்தனை மணி நேரத்தில், அவ்வளவே. மூன்றாவது இரவு நான் அந்த மனிதரை முழுசாக நம்ப ஆரம்பித்திருந்தேன்.

1993-க்குப் பிறகு கை மாறுகிறது. அதோடு நடையும். 'தேவையான வேலைகள் செய்யப்பட்டன.' 'என்ஜின் திருப்திகரம்.' 'பொதுவாக நல்ல நிலை.' படித்துக்கொண்டே வந்தவன் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தேன், ஏனென்றால் இந்த நடை எனக்கு மிகவும் பழக்கமானது. நம் புஸ்தக மதிப்புரைகளின் நடை இது. திருப்திகரம், குறிப்பிடத்தக்கது, மண்ணின் மணம் கமழ்வது. எந்த ஸிலிண்டர், எந்த ப்ளக் என்று கேட்டால் பதில் இருக்காது. மதிப்புரையை நம்பி நாவல் வாங்கியவனுக்கு நூற்றைம்பது ரூபாயும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நஷ்டம். இங்கே 'திருப்திகரம்' என்கிற சொல்லை நம்பி ஒருவன் மூவாயிரம் அடிக்கு மேலே போகிறான்.

பிறகு மூன்று வருஷங்களுக்கு என்ஜின் புஸ்தகத்தில் ஒரு பதிவும் இல்லை. வெள்ளையாக ஒரு பக்கம், அடுத்த பக்கத்தில் எதுவும் நடக்காததுபோல் எண்ணெய் மாற்றம். கும்பகோணம் காலேஜில் வேலை பார்த்துக்கொண்டு சீவகசிந்தாமணிக்காக ஏடுகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்த உ.வே. சாமிநாதையருக்கு இந்த மாதிரி இடங்களில் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். வேறு பிரதியைப் பார்ப்பது. உடலின் புஸ்தகத்தைப் பார்த்தேன்: அதே வருஷங்களில் அங்கேயும் மௌனம். ப்ரொப்பெல்லர் புஸ்தகத்தைப் பிரித்தேன். அது முந்திய ப்ரொப்பெல்லரின் புஸ்தகமே இல்லை. புது நம்பர், புதிதாய் ஆரம்பித்த புஸ்தகம், முதல் பதிவின் தேதி மௌனம் முடிகிற அதே வாரம்.

நல்ல ப்ரொப்பெல்லரை யாரும் சும்மா மாற்றுவதில்லை. சுழன்றுகொண்டிருந்தது தரையிலோ வேறெதிலோ இடித்திருந்தால் மாற்ற வேண்டி வரும். இடித்திருந்தால், அந்த அதிர்ச்சி நேரே க்ராங்க்ஷாஃப்டுக்குப் போகும் என்பதால், என்ஜினைப் பிரித்துப் பார்ப்பது கட்டாயம். என்ஜின் புஸ்தகத்தில் பிரித்ததாக ஒரு வரியும் இல்லை. நான் மெக்கானிக் இல்லை. பாடபேதம் பார்க்கத் தெரிந்தவன், அவ்வளவே. ஒரு பிரதியில் உள்ள திருத்தத்துக்கு இன்னொரு பிரதியில் காரணம் இல்லையென்றால் ஏடு எழுதியவன் எதையோ விட்டிருக்கிறான், அல்லது மறைத்திருக்கிறான்.

சிந்தாமணி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ் இலக்கியத்தில் எனக்குத் தெரிந்த முதல் பயிற்சி விமானி அதில்தான் இருக்கிறாள். சச்சந்தன் தன் கர்ப்பிணி மனைவி விசயைக்காக மயிற்பொறி ஒன்று செய்விக்கிறான். திருத்தக்கதேவர் சமணத் துறவி. ஆனால் பொறியை வலப்பக்கம் திருப்பினால் எழும்பும், இடப்பக்கம் திருப்பினால் இறங்கும் என்று கைப்புத்தகம் மாதிரி சொல்லிவிட்டு, ராணியைப் பழக விடுகிறார். கட்டியங்காரன் படையோடு அரண்மனையை வளைத்த அன்று அவள் தனியே எழும்பிப் போகிறாள். ஓட்டத் தெரியாததால் அவளுக்கு ஒன்றும் நேரவில்லை. எதிரியின் வெற்றி முரசு காதில் விழுகிறது. கணவன் போய்விட்டான் என்று புரிந்து மூர்ச்சையாகிறாள். பொறி அவளைச் சுடுகாட்டில் கொண்டுபோய் இறக்குகிறது. அங்கே பிள்ளை பிறக்கிறது. 1887-ல் ஐயர் இதை அச்சில் கொண்டுவந்தார். அதற்கப்புறம் நம் எழுத்தில், நான் படித்தவரையில், ஆகாயத்தில் போகிற யந்திரத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் உண்டு. உள்ளே உட்கார்ந்து எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்டவர்கள் அபூர்வம். காவேரியும் வெற்றிலையும் ராகமும் எழுதிய எங்கள் ஜில்லாவுக்கு யந்திரம் என்றால் இன்னமும் ஒரு கூச்சம் இருக்கிறது. 1910-லேயே சென்னையில் ஓட்டல் நடத்திய டி'ஏஞ்ஜலிஸ் சிம்ப்ஸன் கம்பெனியில் தன் விமானத்தைக் கட்டி ஓட்டிக் காட்டினார். 1951-ல் மதராஸ் அரசாங்கம் வாங்கிய டவ் விமானத்தை உஷா சுந்தரமும் அவர் கணவரும் லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிவந்தார்கள். இவையெல்லாம் பொது அறிவுப் போட்டிக்குப் போய்ச் சேர்ந்தனவே தவிர, கதைக்கு வரவில்லை.

பழைய விமானம் என்று பார்த்தால் புராணத்தில் புஷ்பகம் இருக்கிறது. குபேரனுடையது, ராவணன் பிடுங்கிக்கொண்டான், ராமன் ஒரே ஒரு பிரயாணத்துக்கு உபயோகித்துவிட்டுக் குபேரனுக்கே அனுப்பிவிட்டான். ஒரு பாங்க் குமாஸ்தாவின் கண்ணுக்கு இதில் கவனிக்க வேண்டியது, சொத்து கடைசியில் பைனான்ஸியரிடம் திரும்பிவிட்டது என்பது. ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் 1958-ல் பறக்கவிட்ட இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானத்துக்கும் புஷ்பக் என்றுதான் பெயர் வைத்தார்கள். 90 குதிரைசக்தி. நம் பறக்கும் கிளப்புகளில் ஒரு தலைமுறை அதில் பழகியது.

குபேரன் விஷயத்துக்கு வருகிறேன். விமானத்தை ஈடாக வைத்து பாங்க் கடன் தருமா என்று கேட்டான். கேப்டவுன் ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு, இந்தியா 2008-ல் சேர்ந்தது, 2025-ல் அதற்குத் தனிச் சட்டமும் வந்தது. கடன்காரனின் விமானத்தை மீட்டுக்கொள்ள அதில் வழி இருக்கிறது. ஆனால் அது குறைந்தது எட்டுப் பேர் ஏறக்கூடிய விமானங்களுக்கு. இரண்டு பேர் நெருக்கி உட்காருகிற ஸெஸ்னாவை எந்த ஒப்பந்தமும் கண்டுகொள்ளாது. ஆகவே கடைசியில் நிலம்தான். பறப்பதற்குப் பிணை மண்.

'அச்சாரம் ஏதும் குடுத்துடலயே?' என்றேன்.

'மூணு பேரும் ஆளுக்கு ஒரு லட்சம் குடுத்திருக்கோம் மாமா.'

பாங்க் பரீட்சைக்குப் படித்தவர்களுக்கு ஹனுமான் காட்டன் மில்ஸ் வழக்கு தெரிந்திருக்கும். இரண்டாம் யுத்தம் முடிந்ததும் இந்தியாவில் விட்டுப்போன ராணுவ விமானங்களும் உதிரிகளும் மலையாகக் கிடந்தன. 1946 நவம்பரில் அந்த விமானக் கழிவில் ஒரு பகுதியை டாடா ஏர்கிராஃப்ட் கம்பெனியிடமிருந்து பத்து லட்சத்துக்கு வாங்க ஒரு பஞ்சாலை ஒப்பந்தம் செய்துகொண்டது. கால் பங்கு, இரண்டரை லட்சம், அச்சாரம். மீதியைக் கட்ட முடியவில்லை, அச்சாரம் பறிமுதல். 1969 அக்டோபரில் ஸுப்ரீம் கோர்ட் சொன்னது: அச்சாரம் என்பது வாக்குக்கு ஈடு, வாங்குகிறவன் பின்வாங்கினால் போனது போனதுதான். பழைய விமானத்தை வாங்கப் போய் அச்சாரம் இழந்தவர்களுக்கு இந்த தேசத்தில் ஒரு சட்டப் பாரம்பரியமே இருக்கிறது. இதை நான் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை.

நான் பார்த்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பக்க எண், தேதி, என்ன இருக்கிறது, என்ன இல்லை. பெயரடை போடவில்லை. அவன் அதை எடுத்துக்கொண்டு, தெரிந்த ஒரு மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு, விமானம் இருந்த இடத்துக்குப் போனான். தார்ப்பாய்க்குள் இருந்தது. காற்றைச் செலுத்தி ஸிலிண்டர்களின் பிடிமானத்தைச் சோதித்தார்கள். 80-க்கு எவ்வளவு நிற்கிறது என்பது கணக்கு. 60-க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும். மூன்று ஸிலிண்டர்கள் எழுபதுக்கு மேல். ஒன்று 52. என்ஜினைப் பிரித்து க்ராங்க்ஷாஃப்டைக் காட்டச் சொன்னார்கள். விற்கிறவர் மறுத்துவிட்டார். உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில் என்றாராம். தவணை கட்டாத டிராக்டர்களை ஏலம் விடும்போது எங்கள் பாங்க் விளம்பரத்தில் போடுகிற அதே சொற்கள்.

அன்று இரவு போன் செய்தான். குரல் நான் எதிர்பார்த்ததுபோல் இல்லை. 'ஸ்டார்ட் ஆயிடுச்சு மாமா. அத்தன மாசம் கெடந்தது. ரெண்டாவது திருப்புல புடிச்சுகிச்சு. நான் உள்ள உக்காந்திருந்தேன்.'

இந்த வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை. 52 என்பது ஒரு எண். அவன் உட்கார்ந்திருந்தது ஒரு இடம். அவன் கைக்குக் கீழே அது அதிர்ந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு அக்கா வீட்டில் உட்கார்ந்து பேசினோம். அத்தான் எப்போதும்போல் அவன் பக்கம். 'நெலம் எங்க போயிடும்? மூட்டிக்கலாம்' என்றார். ரெங்கூனுக்கும் மலேயாவுக்கும் பிள்ளைகளை அனுப்ப இதே ஊரில் எழுதிக்கொடுத்த நிலங்கள் எங்கே என்று நான் கேட்கவில்லை; அவர் பாட்டனாரின் நிலமும் அதில் உண்டு. அக்கா கேட்டது ஒன்றுதான். 'தம்பி, அந்த மூணு வருஷம் அதுக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?'

'தெரியாதுக்கா.'

'எழுதினவனுக்குத் தெரியும்ல?'

'தெரிஞ்சிருக்கும்.'

'அப்ப ஏன் எழுதல?'

பையன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். பத்திரம் பீரோவிலேயே இருந்தது. அவன் கூட்டாளிகள் இருவரும் வேறொருவனைச் சேர்த்துக்கொண்டு மேலே பேசுவதாகச் சொன்னார்கள். பேச்சு அப்படியே நிற்கிறதாம், விமானமும் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. இவனுடைய ஒரு லட்சம் திரும்பவில்லை. நான் விற்கிறவருக்கு இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டாவதற்குப் பதில் வந்தது, அதில் 'சுமுகமாக' என்ற சொல் மூன்று முறை இருந்தது. தொகை எதுவும் இல்லை.

அவன் பள்ளிக்குத் திரும்பி வரிசையில் நின்றான். மேட்டூரில் தண்ணீர் இருக்கும் என்று நம்பி அத்தான் குறுவைக்கு நாற்றங்கால் உழுதுகொண்டிருந்த வாரத்தில் அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. அவனுடைய சொந்த லாக் புஸ்தகத்தின் பக்கம். தேதி, விமானத்தின் பதிவு எழுத்துகள், எழும்பிய இடம், இறங்கிய இடம், ஒன்று புள்ளி இரண்டு மணி நேரம். குறிப்புக்கான கட்டத்தில் சின்ன எழுத்தில்: குறுக்குக்காற்று, இரண்டாவது இறக்கத்தில் இடது சக்கரம் முதலில் தொட்டது, மறுபடி செய்ய வேண்டும்.